கொடுக்கும்போது மட்டும் விழும் ரேகை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. இந்த மூன்றில் எந்தப் பத்திர ஆபீஸ் வாசலில் வேண்டுமானாலும் ஒரு முகூர்த்த நாள் பார்த்துப் போய் நில்லுங்கள். (முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அரசாங்கம் நம்முடையது, பகுத்தறிவு வேறு, பத்திர வருமானம் வேறு.) ஆட்டோவிலிருந்து வயதான அம்மாக்களைக் கைத்தாங்கலாக இறக்குவார்கள். கல்யாணத்தன்றுகூட அவர்களுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவான். தம்பி மகன் நாற்காலி தேடி ஓடுவான். "அக்கா, ஃபேனுக்கு அடியில உக்காரு. அஞ்சு நிமிஷ வேலைதான்." டாக்குமென்ட் ரைட்டர் பத்திரத்தைப் படித்துக் காட்டுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். உள்ளே பெயர் கூப்பிடுவார்கள். ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன அந்தப் பெருவிரலின் ரேகை, கல்வெட்டு மாதிரி விழும். முடிந்தது. அப்பன் வைத்துவிட்டுப் போன நிலத்தில் அவளுக்கிருந்த பங்கு தம்பிக்குப் போய்விட்டது.

அதே அம்மா, அதே விரல். அடுத்த வாரம் பேங்கில் கணக்குத் தொடங்கப் போனால், கறுப்பு நிற மிஷினில் விரலை வைத்து எடுத்து, துடைத்து, திரும்ப வைத்து, "ரேகை விழலம்மா. ஆதார் சென்டர் போயி அப்டேட் பண்ணிட்டு வாங்க" என்பார்கள். எழுதிக் கொடுக்கிற அன்றைக்கு விழுகிற ரேகை, வாங்கப்போகிற அன்றைக்கு விழுவதில்லை. விஞ்ஞானிகள் இதை ஆராய வேண்டாம். மிஷினில் கோளாறு எதுவும் கிடையாது. நாட்டில் எல்லாருக்கும் வசதியாக இருக்கிற ஒரு ஏற்பாடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும். 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேரு வந்தார், தேபர் தலைமை தாங்கினார், சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த வருஷமே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகள், மனைவி, தாய் மூவரும் மகனோடு சேர்ந்து முதல் வகுப்பு வாரிசுகள். மகன் உயில் எழுதாமல் இறந்தால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அவனைப் பெற்றவளுக்கும் சரிபங்கு. (பெற்ற அப்பா இரண்டாம் வகுப்புதான். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்து அப்பாக்கள் யாரும் நம்புவதில்லை.) 1989-ல் கருணாநிதி அரசு பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று திருத்தம் கொண்டுவந்தது, ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்கு இல்லை. இன்று எழுபது வயதில் இருப்பவள் அதற்கு வெகு முன்பே தாலி கட்டிக்கொண்டு அம்பத்தூருக்கு வந்துவிட்டாள். 2005-ல் மத்திய அரசு அந்தக் கதவையும் திறந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை, மகள் பிறப்பிலேயே பங்காளி என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆக, 65 வருஷம் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் வரிசையாக நின்று அந்த அம்மாவை நிலத்தின் வாசல்வரை கொண்டுவந்து விட்டன. உள்ளே நுழைகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி: "பேங்க் புக்கு இருக்கா?"

இல்லை. பெரும்பாலோரிடம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். 2014 ஆகஸ்டில் ஆரம்பித்த ஜன்தன் திட்டத்தில் ஐம்பது கோடிக்கு மேல் கணக்கு திறந்தாயிற்று என்று சொல்லாத மேடை இல்லை. நான் பேசுவது மிச்சம் இருப்பவளைப் பற்றி. முதியோர் பணத்தை போஸ்ட்மேன் வீட்டு வாசலில் எண்ணிக் கொடுத்த காலத்தோடு வெளியுலகக் கணக்கை முடித்துக்கொண்டவள். புருஷன் பெயரில் கணக்கு இருந்தது, அவர் போனதும் அதுவும் போயிற்று. மகன் பெயரில் கணக்கு இருக்கிறது, "எனக்கு எதுக்குடா தனியா?" அப்படிப்பட்டவளுக்கு எழுபது வயதில் சொத்து வந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

மெட்ரோ தூண் பூந்தமல்லி வரைக்கும் எழும்பிவிட்டது. வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. தாத்தா காலத்தில் ஆடு மேய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் கேட்டட் கம்யூனிட்டி வளைவு நிற்கிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: நிலம் 60 லட்சத்துக்கு விலை பேசியாயிற்று, வாரிசு ஐந்து பேர், தலைக்கு 12 லட்சம். முதலில் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறும். ஒவ்வொரு படியிலும் என்ன வைத்தால் ஏறும் என்பதை ஊரே அறியும், நான் எழுதி அவதூறு வழக்கு வாங்குவானேன். செத்தவர் எந்த மாவட்டத்தில் செத்தார் என்பது அடுத்த சிக்கல். அம்பத்தூர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை; ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, 1997-ல் திருவள்ளூருக்குப் போனது, 2018-ல் சென்னைக்கு வந்தது. நகராட்சியாக இருந்தது 2011-ல் மாநகராட்சியின் ஏழாவது மண்டலமாயிற்று. பக்கத்து ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே நிற்கின்றன. அப்பா இறந்தது ஒரு ஆட்சியில், பதிந்தது ஒரு ஆபீஸில், ரெக்கார்டு இருப்பது இன்னொரு ஊரில்.

அதையெல்லாம் தாண்டி விற்பனைக்கு வந்தால், கறுப்புப் பண ஒழிப்பு அந்த அம்மாவுக்காகவே காத்துக்கொண்டிருக்கும். 2015 ஜூன் முதல் நிலத்துக்கான பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. 2017 ஏப்ரல் முதல் எதற்காகவும் 2 லட்சமோ அதற்கு மேலோ கையில் வாங்கக்கூடாது. டிடி வாங்கலாம் என்றால், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ போனால் அதைக் கணக்கில் போட்டுத்தான் காசாக்க முடியும். சொத்து 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தரவேண்டும். 2024 அக்டோபர் முதல் விற்கிற எல்லார் பங்கையும் கூட்டித்தான் அந்த 50 லட்சத்தைப் பார்க்கிறார்கள். பான் கார்டு உள்ள தம்பிக்கு 12 லட்சத்தில் 12,000 ரூபாய் போகும். பான் இல்லாத அக்காவுக்கு 20 சதவீதம், அதாவது 2,40,000 ரூபாய் போகும். திரும்ப வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். பான் எடுத்து, கணக்குத் தாக்கல் செய்து, சரிபார்க்கப்பட்ட பேங்க் கணக்கு ஒன்றைக் காட்டினால்.

இந்தச் சட்டங்கள் யாருக்காகப் போட்டவை? கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியைப் பையில் கட்டி டிக்கியில் வைக்கிறார்களே, அவர்களுக்காக. அந்தப் பை இன்றைக்கும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. வெள்ளை தம்பி கணக்குக்குப் போகும், கறுப்பு தம்பி வீட்டு பீரோவுக்குப் போகும். சட்டத்தின் வலையில் மாட்டியது முழங்கால் வலியோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த அந்த ஒருத்தி.

இந்த நேரத்தில் தம்பிக்குப் பொருளாதார அறிவு பொங்கும். "அக்கா, உனக்கு பான் கிடையாது, புக்கு கிடையாது. இருபது பர்சென்ட் சுளையா போயிடும். பேசாம என் பேருக்கு விடுதலை எழுதிக் குடுத்துடு. உன் பங்கை நான் கையில குடுத்துடறேன்." குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் இந்த உச்சவரம்பை ஏற்றினார்கள், ஆனாலும் உடன்பிறந்தவளைக் கழற்றிவிட இதைவிட மலிவான வழி நாட்டில் இல்லை. எழுதி முடித்து ஒரு மாதம் கழித்து அக்கா வாய் திறந்து கேட்டால், வாழ்நாளில் ஒரு நாளும் வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டாத அதே தம்பி சட்டம் பேசுவான்: "ரெண்டு லட்சத்துக்கு மேல கேஷா குடுத்தா கேஸ் ஆயிடும்க்கா. உன்னையும் உள்ள தூக்கி வெப்பாங்க." தீபாவளிக்கு ஒரு பட்டுப்புடவை வரும். செலவுக்கு வைத்துக்கொள் என்று ஒரு கட்டு நோட்டு வரும். அக்கா தம்பி உறவு கெடாமல் இருந்ததே பெரிசு என்று அந்த அம்மாவே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்.

தாய்மாமனைத் திட்டுவது எளிது. அந்த அம்மா பெற்ற மகன் இருக்கிறானே, படித்தவன், ஐடி கம்பெனிக்காரன், மாமனோடு சண்டை போட்டுப் பங்கை வாங்கியே தீருவேன் என்று நிற்பவன், அவனைக் கொஞ்சம் பார்ப்போம். சண்டை போட்டு ஜெயித்தும் விடுவான். பணம் வரும் நேரத்தில் சொல்வான்: "அம்மாவுக்குக் கணக்கு இல்ல மாமா, என் அக்கவுண்டுக்கே போட்டுடுங்க." எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொல்வான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து பேங்கைப் பொறுத்தவரை அந்தப் பணம் அவனுடையது. அவன் வாங்கிய கடன் நின்றுபோனால் பேங்க் அதில் கை வைக்கும். அவன் வீட்டுக்குக் கிரில் போட்டால் அதில் போகும். நாளைக்கு அவனுக்கே ஒன்று ஆகிவிட்டால், அந்த அம்மா தன் அப்பன் சொத்தை விற்ற தன் பணத்தில், மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சேர்ந்து முதல் வகுப்பு வாரிசாக நான்கில் ஒரு பங்கு கேட்டு மறுபடியும் தாசில்தார் ஆபீஸ் படியேற வேண்டும். 12 லட்சம் போட்டவளுக்கு 3 லட்சம், அதுவும் கிடைத்தால்.

கிடைக்கிற இடத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. இறந்தவர் கணக்கில் இருக்கும் பணத்துக்கு வாரிசுகள் போய் நின்றால் பேங்க் ஒரு கட்டுப் படிவம் கொடுக்கும். அதில் ஒன்று, எனக்கு இந்தப் பணத்தில் பங்கு வேண்டாம், இன்னாருக்கே கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் கடிதம். அச்சடித்துத் தயாராக இருக்கும். கணக்கில்லாத வாரிசு என்று தெரிந்ததும் கவுண்டரிலிருந்து முதலில் நீளுவது அந்தக் காகிதம்தான். "ஏன் சார் கஷ்டப்படறீங்க, அம்மாகிட்ட இதுல ஒரு கைநாட்டு வாங்கிட்டு வந்துடுங்க, இன்னைக்கே முடிச்சிடலாம்." அவளுக்குக் கணக்குத் தொடங்கும் படிவம் கேட்டால் ஸ்டாக் இல்லை, ஆன்லைனில் போடுங்கள், சர்வர் டவுன், லஞ்சுக்கு அப்புறம் வாங்க, உங்கள் ஏரியா பிராஞ்சுக்குப் போங்க. காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் 15 நாளில் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. சொன்னது காதில் விழவில்லையோ என்னவோ, இருபது வருஷம் கழித்து 2025 செப்டம்பரில் திரும்பவும் அதே 15 நாளைச் சொல்லியிருக்கிறது. இந்த முறை தாமதத்துக்கு வங்கி வட்டி விகிதத்தோடு 4 சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. கொடுப்பார்கள். கணக்கு நம்பர் கேட்பார்கள்.

இப்படித் தடுத்த பணமெல்லாம் எங்கே போகிறது? பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போகிறது. 2024 மார்ச்சில் அதில் 78,213 கோடி ரூபாய் இருந்தது. நிதியின் பெயர் என்ன தெரியுமா? வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி. செத்தவன் பணத்தை எடுத்து, மிச்சமிருப்பவனுக்கு விழிப்புணர்வு. 2025 அக்டோபரில் உங்கள் பணம் உங்கள் உரிமை என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள். மேடை, பேனர், குத்துவிளக்கு. ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்று அதே வருஷம் நவம்பரில் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இல்லாத கணக்குக்கு நான்கு நாமினி யார் என்று பிள்ளைகள் இப்போதே அடித்துக்கொள்ளலாம்.

ஏழைகளுக்குத்தான் எளிய கணக்கு இருக்கிறதே என்று ஒரு அதிகாரி இதைப் படித்துவிட்டுச் சொல்லக்கூடும். இருக்கிறது, உண்மை. எந்த அடையாளக் காகிதமும் இல்லாதவருக்கு, போட்டோ ஒட்டி, அதிகாரி முன்னால் கைநாட்டு வைத்தாலே திறக்கும் சிறு கணக்கு ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. அதில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு கூடாது. இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. மாதம் 10,000-க்கு மேல் எடுக்கக் கூடாது. போஸ்டாபீஸ் பேமென்ட்ஸ் பேங்கில் இருப்பு 2 லட்சம் வரைதான். ஏழைக்குக் கணக்கு வேண்டும் என்று யோசித்தவர்கள், ஏழைக்குச் சொத்து வரும் என்று கனவில்கூட யோசிக்கவில்லை. ஏழைக்கு மானியம் வரும், உதவித்தொகை வரும், தேர்தல் வரும். அப்பன் சொத்து எப்படி வரும்?

உதவித்தொகையின் கதையும் தெரிந்ததுதான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுந்ததும், சில வங்கிகள் சேவைக் கட்டணம் என்று அதையும் கழித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. கணக்கு இல்லாதவளுக்குப் பணம் வராது. கணக்கு இருப்பவளுக்கு வந்த பணம் நிற்காது.

பிராஞ்சுக்கு நேரில் வந்தால்தான் ஆச்சு என்ற பிடிவாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஒடிசா சொல்லிவிட்டது. 2020 ஜூனில் நுவாபடா மாவட்டத்தில், ஜன்தன் கணக்கில் வந்த 1,500 ரூபாயை எடுக்க, நூறு வயதைத் தாண்டிய தாயைக் கட்டிலோடு தெருவில் இழுத்துக்கொண்டு போனார் அறுபது வயது மகள். 2023-ல் நவரங்பூர் மாவட்டத்தில் எழுபது வயது மூதாட்டி ஒருவர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஊன்றிக்கொண்டு வெயிலில் வெறுங்காலோடு பென்ஷன் வாங்க நடந்தார். ரேகை சேரவில்லை என்றுதான் பணம் நின்றது. வீடியோ பரவியதும் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே வங்கியைக் கேள்வி கேட்டார். அமைச்சர் ட்விட்டரில் கேட்டால் ரேகை சேரும் போலிருக்கிறது. சரி, பேங்க் பக்கமே போகாமல் பானையில் போட்டு வைத்தால்? அதையும் நம்மூரில் பார்த்தாயிற்று. திருப்பூர் மாவட்டத்தில் வயதான அக்கா தங்கை இருவர் தங்கள் சாவுச் செலவுக்கென்று சேர்த்த 46,000 ரூபாயை 2019-ல் வெளியே எடுத்தார்கள். எல்லாம் 2016 நவம்பரில் செத்துப்போன நோட்டுகள். செலவுக்கு முன்னால் காசு செத்துவிட்டது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு தேடி வந்து சேவை செய்யும் நிதித்துறையும் இதே ஆவடித் தெருக்களில் இருக்கிறது. குழு லோன்காரர் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ரேகை விழும், சர்வர் ஓடும், படிவம் தீராது. கடன் கொடுக்க வீட்டுக்கு வரத் தெரிந்த நாட்டுக்கு, சொந்தப் பணத்தைக் கொடுக்க வீட்டுக்கு வழி தெரியவில்லை.

வழி விதியிலும் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து காகிதங்களை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் உத்தரவு போட்டது. கணக்குத் தொடங்க ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாக்காளர் அட்டை போதும். பான் இல்லையென்றால் அதற்கான உறுதிமொழிப் படிவம் போதும். ரேகை விழாவிட்டாலும் அட்டையைக் காகிதமாகக் கொடுக்கலாம். முழுக் கணக்கே திறக்கலாம், 12 லட்சமும் அதில் நிற்கும். ஆகவே மகன்களே, மகள்களே, மாமனோடு போட்ட சண்டையில் பாதியைக் கவுண்டரில் போடுங்கள். முடியாது என்றால் அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் சக்தி நான்கு சிபாரிசுக் கடிதத்துக்கு இல்லை. புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லையா, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போங்கள், காசு கிடையாது.

கணக்கு திறந்துவிடும். பாஸ்புக்கில் அம்மாவின் படம் ஒட்டி வரும், அது பீரோவில் பத்திரமாக இருக்கும். ஏடிஎம் கார்டு மகனின் பர்ஸில் இருக்கும், பின் நம்பர் மருமகளுக்குத் தெரியும். ஏனென்றால் படிவத்தில் மொபைல் எண் என்ற கட்டத்துக்கு வந்து, "நம்பர் சொல்லுங்கம்மா" என்று கவுண்டரில் கேட்டபோது, அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவன் தன்னுடைய பத்து இலக்கத்தையும் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டான்.